செக்ரோல் கணக்குக்கு ரெண்டு கருவி: மைஎஸ்கியூஎல்டம்ப்பும் பிடி-ஆர்க்கைவரும்

தோட்டக் காரியாலயத்தில் போய் "பேக்கப் இருக்கா?" என்று கேட்டால் கிளாக்கர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென் ட்ரைவைக் காட்டுவார். "2009ஆம் வருசத்துக் கணக்கு எங்கே?" என்று கேட்டாலும் அதே லாச்சி, அதே பென் ட்ரைவ். முதல் கேள்விக்கு அது ஓரளவு பதில். இரண்டாவதுக்கு அது பதிலே இல்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் செக்ரோலும் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடு) கொழுந்து நிறையும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, காசு கொடுக்காமல் கிடைக்கும் இரண்டு கருவிகளை இங்கே எடைபோடுகிறோம். பேக்கப் எடுப்பதற்கு மைஎஸ்கியூஎல்டம்ப். இது மைஎஸ்கியூஎல்லோடு கூடவே வருகிறது. அட்டவணையிலுள்ள பழைய பதிவு வரிகளைப் பிரித்து எடுத்து வைப்பதற்கு பர்கோனா டூல்கிட்டில் உள்ள பிடி-ஆர்க்கைவர். ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

வித்தியாசம் இதுதான். பேக்கப் என்பது நேற்று இருந்த நிலைக்குத் திரும்பிப் போவதற்கான கொப்பி. டிஸ்க் செத்தாலோ, யாரோ தவறிப்போய் ஒரு மாதத்தை அழித்தாலோ, மின்னல் விழுந்தாலோ அதைப் போட்டு எழுப்பலாம். புதுக் கொப்பி வந்தால் பழையதைத் தூக்கி எறியலாம், எறியத்தான் வேண்டும். ஆர்க்கைவ் அப்படி இல்லை. கணக்கு முடிந்த வருசத்தை ஓடுகிற அட்டவணையிலிருந்து எடுத்து, பத்து இருபது வருசம் கழித்தும் வாசிக்கக்கூடிய மாதிரி வேறு இடத்தில் வைப்பது அது. எடுத்த பிறகு அசல் அங்கேதான் இருக்கிறது, ஓடுகிற டேட்டாபேஸில் இல்லை. தேயிலைக்குக் கவ்வாத்து அடிப்பது போல என்று சொல்லலாம். ஆனால் கவ்வாத்தில் வெட்டிய வாதைச் செடிக்கடியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். இங்கே வெட்டி எடுத்ததுதான் பத்திரப்படுத்த வேண்டிய சாமான்.

ஏன் அவ்வளவு பத்திரம்? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு முடிந்த ஒவ்வொரு சேவை வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 1988இல் பேர் பதிந்து 2024இல் ஓய்வு பெற்றவருக்கு 36 வருசம், அதாவது 504 நாள் சம்பளம். முதல் பத்து வருசத்துக்கு ஆதாரம் இல்லை என்று காரியாலயம் கையை விரித்தால் 140 நாள் போய்விடும். நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால் 189,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதியிலும் இதே கதைதான். தொழிலாளியின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் எந்த மாதம் எந்த அங்கத்துவ இலக்கத்தில் கட்டப்பட்டது என்ற கேள்வி பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதில்தான் எழும். செக்ரோலில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்று இருக்கிற இடத்தில் அந்தப் பழைய வரி ஒன்றுதான் சாட்சி. முப்பது நாள் மட்டும் வைத்திருக்கும் பேக்கப்பில் அதைத் தேடுவது வீண்.

அளவையும் பார்த்துவிடலாம். 600 பேர் வேலை செய்யும் தோட்டத்தில் மாதம் 25 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று தடவை கொழுந்து நிறை பதிவு என்றால் மாதம் 45,000 வரி, வருசம் 540,000. பதினைந்து வருசத்தில் 81 இலட்சம். வரிக்கு 120 பைட் என்று போட்டாலும் ஒரு கிகாபைட்டை ஒட்டித்தான் வரும். இன்றைய டிஸ்க்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அதனால் "ஏன் வெட்ட வேண்டும்?" என்று கேட்பது நியாயம். பதில் டிஸ்க் இடத்தில் இல்லை, திரும்ப ஏற்றும் நேரத்தில் இருக்கிறது. சம்பள நாளுக்கு முதல் நாள் கணினி செத்தால், அந்த மாதத்துச் சம்பளத்துக்கு வேண்டியது கடைசி இரண்டு வருசம்தான். ஆனால் டம்ப் (மைஎஸ்கியூஎல்டம்ப் எழுதித் தரும் பேக்கப் கோப்பு) பதினைந்து வருசத்தையும் வரி வரியாக ஏற்றி, ஒவ்வொரு இண்டெக்ஸையும் புதிதாகக் கட்டிய பிறகுதான் வழி விடும். இந்த அளவில் அது இன்னும் பொறுக்கக்கூடியதுதான். பத்துத் தோட்டத்துக் கணக்கை ஒரே சேர்வரில் வைத்திருக்கும் தலைமைக் காரியாலயத்தில் பொறுக்காது.

மைஎஸ்கியூஎல்டம்ப்

இதன் பெரிய பலம், வெளியே வருவது வெறும் எழுத்துக் கோப்பு. திறந்து வாசிக்கலாம், வேறு கணினியில் ஏற்றலாம், ஜிசிப் போட்டால் நன்றாகச் சுருங்கும். இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் இன்றைய வழக்கமான அட்டவணை வகை) அட்டவணையாக இருந்தால் "சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன்" சுவிட்சை (கட்டளையோடு சேர்த்து எழுதும் தெரிவு) கட்டாயம் போடுங்கள். டம்ப் தொடங்கிய கணத்தில் கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே முழுதும் எழுதப்படும். நடுவில் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடத்தில்) நிறை பதிந்துகொண்டிருந்தாலும் குழம்பாது, யாரையும் நிறுத்தி வைக்கவும் தேவையில்லை. பழைய மைஐசாம் அட்டவணைக்கு இந்தச் சுவிட்ச் ஒன்றும் செய்யாது. பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன் எழுதிய சம்பள மென்பொருள்களில் இன்னும் மைஐசாம் கிடக்கும், ஆகவே முதலில் அதைப் பாருங்கள். டம்ப் ஓடும்போது யாராவது அட்டவணையின் அமைப்பை மாற்றினாலும் அந்தக் கொப்பியை நம்ப முடியாது.

அடுத்தது "ரூட்டீன்ஸ்" சுவிட்ச். போடாவிட்டால் டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்த சம்பளக் கணக்கு நிரல்கள் கொப்பியில் வராது. ட்ரிகர்கள் (ஒரு வரி மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) தானாக வந்துவிடும், நிரல்கள் வராது. ஏற்றிப் பார்த்தால் பேர், நிறை, திகதி எல்லாம் இருக்கும், சம்பளப் பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி வரும். "ஈவண்ட்ஸ்" சுவிட்சும் இதே மாதிரி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளுக்கு. ஒரு டேட்டாபேஸை மட்டும் டம்ப் எடுத்தால் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் கூட வராது. அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது தமிழில் பேர் பதிகிற இடங்களுக்கே உரிய ஒரு வில்லங்கம். விண்டோஸ் பவர்ஷெல்லில் டம்ப் கட்டளையை எழுதி, அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால், அந்தக் கோப்பு யூடிஎஃப்-16 (வேறொரு எழுத்துக் குறியீட்டு முறை) ஆக எழுதப்படும். மைஎஸ்கியூஎல் அதை ஏற்றாது. கோப்பு இருக்கும், அளவும் பெரிதாக இருக்கும், நோட்பேடில் திறந்தால் அழகாகவும் தெரியும். ஏற்றும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அம்புக்குறிக்குப் பதிலாக "ரிசல்ட்-ஃபைல்" சுவிட்சில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பேர்கள் எல்லாம் கேள்விக்குறி கேள்விக்குறியாக வந்தால் பின்னால் எந்த வைத்தியமும் இல்லை.

டம்ப் முழுதாக முடிந்ததா என்று பார்க்க கோப்பின் கடைசி வரி போதும். "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று திகதியோடு ஒரு குறிப்பு அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது, அல்லது டிஸ்க் நிறைந்திருக்கிறது. கோப்பின் அளவையும் தினமும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் கையால் குறித்து வைப்பது பழைய பழக்கம்தான், ஆனால் பிரயோசனமானது. நேற்று 96 மெகாபைட், இன்று 3 கிலோபைட் என்றால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரம் குறிப்பதில் மலையகத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. புத்தகத்தில் சொல்கிற மாதிரி இரவு பதினொரு மணிக்கு பேக்கப் போட்டு வைத்தால் அது ஓடாத நாள்தான் அதிகம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் காரியாலயத்தில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவார்கள். அது சரியான செயல்தான். ஆகவே பின்னேரக் கொழுந்து நிறை பதிந்து முடிந்ததும், ஆள் இருக்கும்போதே ஓடுகிற மாதிரி போடுங்கள். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் தவறிப்போன வேலையை முடிந்த உடனே ஓட்டு என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதிலும் சரி போட்டு வையுங்கள். கரண்ட் போகும் நேரத்தில் டம்ப்பை முடித்துக்கொள்கிற அளவுக்காவது யூபிஎஸ் பட்டரி தாங்க வேண்டும்.

ஒரு நாளின் நடுவில் நடந்த தவறை மீட்க டம்ப் மட்டும் போதாது. பைனரி லாக் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகக் குறிக்கும் கோப்பு) வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0இலிருந்து அது தானாகவே ஓடுகிறது, 30 நாள் வரை தங்கும். டம்ப் எடுக்கும்போது "சோர்ஸ்-டேட்டா" சுவிட்சைப் போட்டால் லாக்கில் எந்த இடத்தில் நின்றது என்பது கோப்பிலேயே எழுதப்படும். யாரோ காலை 10.40க்கு தோட்டத்தில் ஒரு டிவிஷனின் (பிரிவின்) பதிவையே அழித்துவிட்டார் என்றால், நேற்றைய டம்ப்பை ஏற்றி, அந்த இடத்திலிருந்து லாக்கை 10.39 வரை ஓட்டி நிறுத்தலாம். ஆனால் லாக் கோப்புகள் இருப்பதும் அதே டிஸ்க்கில்தானே? டிஸ்க் செத்தால் லாக்கும் சேர்ந்துதான் போகும். வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

பேக்கப் வேலைக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். பெரிய டேட்டாபேஸில் ஏற்றும் வேகம் குறைவு என்பதற்காக ஒன்று குறைக்கிறோம். அந்த அளவுக்குப் போனவர்களுக்கு எக்ஸ்ட்ராபேக்கப் போன்ற, கோப்புகளையே நேரடியாகக் கொப்பி எடுக்கும் கருவி இருக்கிறது. அது லினக்ஸ்காரர்களுக்கு.

ஆர்க்கைவ் வேலைக்கு இதே டம்ப்புக்கு ஒன்றுதான் கொடுப்போம். பழைய டம்ப் கோப்புகளை வருசவாரியாக அலுமாரியில் அடுக்கி "ஆர்க்கைவ்" என்று சீட்டு ஒட்டுவது பரவலான பழக்கம். அந்தக் கோப்பை வாசிக்க அந்தக் காலத்து மைஎஸ்கியூஎல்லும் அந்தக் காலத்து மென்பொருளும் வேண்டும். 5.7இல் எடுத்த டம்ப்பில் நிரல்களோ ட்ரிகர்களோ இருந்தால், 8.0இல் ஏற்றும்போது எஸ்கியூஎல் மோடில் "நோ ஆட்டோ கிரியேட் யூசர்" என்ற பெறுமானத்தை வைக்க முடியாது என்று பிழை 1231 வந்து நிற்கும். அந்தச் சொல்லையே 8.0இல் நீக்கிவிட்டார்கள். இன்னும் பழைய கோப்புகளில் அட்டவணை வகையை "டைப்" என்று எழுதியிருக்கும், 5.5இலிருந்து அதுவும் செல்லாது. தெரிந்தவர் கோப்பைத் திருத்தி ஏற்றிவிடுவார். இருபது வருசம் கழித்து ஒரு தொழிலாளியின் மகள் கடிதத்தோடு வந்து நிற்கும்போது அந்தத் தெரிந்தவர் எங்கே இருப்பாரோ.

பிடி-ஆர்க்கைவர்

இது ஒரு கத்தரி. கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வேறொரு அட்டவணையிலோ எழுத்துக் கோப்பிலோ இரண்டிலுமோ எழுதி, பிறகு அசலில் அழிக்கும். ஒரே மூச்சில் ஐந்து இலட்சம் வரியை அழித்து அட்டவணையைப் பூட்டிப் போடாது. இதன் அருமை அதில்தான் இருக்கிறது.

முதலில் குறை. இது பேர்ல் மொழியில் எழுதிய லினக்ஸ் கருவி. தோட்டக் காரியாலயங்களில் இருப்பதோ விண்டோஸ். விண்டோஸுக்குள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவி ஓட்டலாம், அல்லது பழைய கணினி ஒன்றில் உபுண்டு போட்டு வலையமைப்பு வழியாக ஓட்டலாம். வருசத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை என்பதால் இரண்டாவது வழிதான் நல்லது என்பது எங்கள் கருத்து. சம்பளக் கணினியில் கண்டதையும் நிறுவாமல் இருக்கலாம்.

முதல் ஓட்டம் எப்போதும் "ட்ரை-ரன்" சுவிட்சோடு. எந்தக் கட்டளைகளை ஓட்டப்போகிறது என்று காட்டும், ஒன்றையும் தொடாது. இரண்டாவது ஓட்டம் "நோ-டிலீட்" சுவிட்சோடு. கொப்பி எடுக்கும், அசலை அழிக்காது. எண்ணிக்கை சரி பார்த்த பிறகுதான் அழிக்கும் ஓட்டம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இயல்பான அமைப்பில் இது ஒரு வரியை எடுத்து, எழுதி, அழித்து, கமிட் செய்து (மாற்றத்தை டிஸ்க்கில் உறுதிப்படுத்தி), பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு கமிட் தாங்கும் என்று வைத்தால், ஒரு வருசத்து 540,000 வரிக்கு ஒன்றரை மணி நேரம். "லிமிட்" சுவிட்சில் 1000 கொடுத்து "கமிட்-ஈச்" சேர்த்தால் 540 கமிட்டில் வேலை முடியும். பலரும் "இது ஆமை" என்று சொல்லிக் கைவிடுவது இந்த இரண்டு சுவிட்சும் தெரியாததால்தான்.

நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? முதலில் எழுதி, பிறகுதான் அழிப்பதால், நடுவில் அறுந்தால் சில வரிகள் இரண்டு பக்கமும் இருக்கக்கூடும். திரும்ப ஓட்டும்போது ஒரே சாவி (வரியை அடையாளம் காட்டும் இலக்கம்) இரண்டு தடவை வருகிறது என்று பிழை காட்டி நிற்கும். "ரிப்ளேஸ்" சுவிட்சைப் போட்டு ஓட்டுங்கள், பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். "இக்னோர்" சுவிட்சும் பிழையைக் காட்டாமல் போகும், ஆனால் எழுத முடியாத வரியையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதைத் தொடாதீர்கள்.

எல்லாம் ஓடி முடிந்தும் ஒரே ஒரு வரி மட்டும் அசலில் மிச்சம் நிற்கலாம். இது பழுது அல்ல. தானாக ஏறும் இலக்கம் உள்ள அட்டவணையில், மிகப் பெரிய இலக்கமுள்ள வரியை இந்தக் கருவி வேண்டுமென்றே விட்டுவைக்கும். பழைய மைஎஸ்கியூஎல்லில் சேர்வரை நிறுத்தித் திறந்தால் இலக்கம் மிச்சமிருக்கும் பெரிய எண்ணிலிருந்து மறுபடி தொடங்கும். அந்த வரியும் போய்விட்டால் ஆர்க்கைவுக்குப் போன இலக்கமே புதிய ஆளுக்கும் விழும். திகதி வைத்து வெட்டும்போது பெரும்பாலும் இது கண்ணில் படாது. முழு அட்டவணையையும் காலி செய்கிறவர்கள்தான் தலையைச் சொறிவார்கள்.

மோசமான பொறி வேறு. தொழிலாளி அட்டவணையில் ஓய்வு பெற்றவர்களை வெட்டி எடுக்க நினைக்கிறீர்கள். நிறைப் பதிவு அட்டவணை அதோடு ஃபாரின் கீயால் (ஒரு அட்டவணையின் வரியை இன்னொன்றின் வரியோடு இணைக்கும் தொடுப்பு) கட்டப்பட்டு, "ஆன் டிலீட் கேஸ்கேட்" (தாய் வரி அழிந்தால் பிள்ளை வரியும் தானாக அழியும் ஏற்பாடு) போடப்பட்டிருக்கிறது. பிடி-ஆர்க்கைவர் தொழிலாளியின் வரியை மட்டும் ஆர்க்கைவில் எழுதிவிட்டு அசலில் அழிக்கும். அவரது முப்பது வருசத்து நிறைப் பதிவும் கடன் பதிவும் கூடவே அழிந்துபோகும், ஆர்க்கைவிலும் இருக்காது. கருவி பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாது. பிள்ளை அட்டவணைகளை முதலில் வெட்டுங்கள், தாய் அட்டவணையைக் கடைசியில். தொழிலாளி அட்டவணையை வெட்டவே வேண்டாம் என்பது இன்னும் நல்ல யோசனை. 600 பேர், அவர்களுக்கு முன்னால் இருந்த இரண்டாயிரம் பேர், இது எந்த டிஸ்க்குக்கும் பாரம் இல்லை.

வெட்டி முடித்த பிறகு கோப்பு அளவு குறையவில்லையே என்று பதற வேண்டாம். இன்னோடிபி விடுபட்ட இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். "ஆப்டிமைஸ் டேபிள்" ஓட்டினால் அட்டவணை புதிதாகக் கட்டப்பட்டு இடம் திரும்பி வரும். ஆனால் அது முடியும் வரை அட்டவணை அளவுக்கு வெற்றிடம் டிஸ்க்கில் வேண்டும். டிஸ்க் முட்டி நிற்கும் நேரத்தில் இதை ஓட்டப்போய் மாட்டிக்கொள்வது வழமை.

எழுத்துக் கோப்பாக எடுக்கும்போது "ஹெடர்" சுவிட்சை மறக்காதீர்கள். இல்லையென்றால் அட்டவணையின் நிரல்களுக்கு, அதாவது கொலம்களுக்கு, பெயரே இருக்காது. பத்து வருசம் கழித்துப் பார்க்கிறவர் 0.5 என்பது அரைப் பேரா (அரை நாள் வேலைப் பதிவா), அரைக் கிலோவா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? டிவிஷன் 3 என்றால் எது, வேலைக் குறியீடு 14 என்றால் கொழுந்தா, கவ்வாத்தா, மருந்தடிப்பா என்ற சின்ன அட்டவணைகளையும் அதே கோப்புறையில் போடுங்கள். அந்தக் குறியீடுகள் வருசத்துக்கு வருசம் மாறும். இன்றைய அட்டவணையை வைத்து 2009ஐ வாசித்தால் கவ்வாத்துக்காரர் எல்லாம் மருந்தடித்தவர் ஆகிவிடுவார்.

யூனிகோடுக்கு முந்திய பதிவுகளுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. நிறையக் காரியாலயங்களில் பேர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. திரையில் தமிழ் தெரிந்தாலும் டேட்டாபேஸுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான். "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். புள்ளி வைக்கிற இடமெல்லாம் அரைப்புள்ளி. "இ" என்ற எழுத்து கமா. "இலங்கை" என்று எழுதினால் முதல் எழுத்தே கமாதான். இதைக் கமாவால் பிரித்த கோப்பாக, மேற்கோள் குறியும் போடாமல் எடுத்தால் இராமாயி, இந்திராணி எல்லோருடைய பேரும் இரண்டு நிரலாக உடைந்து, கிலோ இருக்க வேண்டிய இடத்தில் திகதி வந்து உட்காரும். அரைப்புள்ளியால் பிரித்தால் மெய்யெழுத்து வருகிற பேர் ஒன்றும் தப்பாது. பிடி-ஆர்க்கைவர் எழுதும் கோப்பு இயல்பாகவே டேபால் (விசைப்பலகையின் டேப் சாவி போடும் இடைவெளியால்) பிரிக்கப்படுவது என்பதால் இதில் பிழைத்தோம். அதை அப்படியே விடுங்கள், எக்செல்லுக்கு வசதி என்று கமாவுக்கு மாற்றாதீர்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றிய பேரை ஒரு புதிய நிரலில் சேர்த்து, பழையதையும் கூடவே வைத்திருங்கள். மாற்றியில் ஒரு எழுத்து பிசகினாலும் அசல் இருக்கும்.

கத்தரி வேலைக்கு ஐந்துக்கு நாலு. பிறந்த திகதி தெரியாமல் எல்லாம் பூச்சியமாகப் போட்ட வரிகள் இருந்தால், கண்டிப்பான மோடில் உள்ள புதிய சேர்வர் அவற்றை ஏற்காமல் ஓட்டம் நின்றுவிடும். அது கருவியின் குற்றமில்லை. ஆனால் முதல் தடவை ஓட்டுகிறவருக்கு அரை நாள் போய்விடும்.

ரெண்டையும் சேர்த்து ஓட்டும்போது

ஆர்க்கைவ் அட்டவணையை அதே சேர்வரில் வேறு டேட்டாபேஸாக வைத்துவிட்டு, தினசரி டம்ப்பில் "ஆல்-டேட்டாபேஸஸ்" போட்டால் பழையபடி எல்லாமே தினமும் டம்ப்பில் வரும். வெட்டியதில் பிரயோசனம் இல்லை. அதற்கு மாறாக ஓடுகிற டேட்டாபேஸின் பெயரை மட்டும் கொடுத்தால் ஆர்க்கைவுக்குக் கொப்பியே இல்லை, டிஸ்க் செத்தால் அசலே போச்சு. இரண்டாவது ஓட்டை சத்தமில்லாதது. வருசத்துக்கு ஒரு தடவை வெட்டி முடித்ததும் ஆர்க்கைவைத் தனியாக டம்ப் எடுங்கள், டேபால் பிரித்த எழுத்துக் கோப்புகளையும் சேருங்கள், அதற்கு மேல் யாரும் எழுத முடியாதபடி உரிமையை நீக்குங்கள்.

பழைய பேக்கப்பை ஏற்றும்போதும் கவனம் வேண்டும். ஜனவரி 10இல் 2014ஐ வெட்டி எடுத்தீர்கள். 12ஆம் திகதி கணினி விழுந்து, 9ஆம் திகதிக் கொப்பியை ஏற்றினீர்கள். வெட்டிய 2014 மறுபடி ஓடுகிற அட்டவணையில் வந்து நிற்கும், ஆர்க்கைவிலும் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்கிற சேவைக்கால அறிக்கையில் அந்த வருசம் இரட்டிப்பாகும். வெட்டிய திகதியையும் நிபந்தனையையும் சேர்வருக்கு வெளியே ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால், ஏற்றிய கையோடு அதே கட்டளையை "ரிப்ளேஸ்" போட்டு மறுபடி ஓட்டிவிடலாம்.

எண்ணிக்கை மட்டும் பார்த்து "சரி" போடாதீர்கள். வெட்டுவதற்கு முன் அந்த வருசத்தின் மொத்த வரி, மொத்தக் கிலோ, மொத்தப் பேர் மூன்றையும் எழுதி வைத்து, ஆர்க்கைவிலும் அதே மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கிலோ மட்டும் பிசகினால் பெரும்பாலும் நிரல் இடம் மாறியிருக்கும். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் ஒரு நீண்ட குறியீடு) எடுத்துக் கூடவே வையுங்கள். வருசத்துக்கு ஒரு தடவை அதைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டால் கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஐந்து நிமிசத்தில் தெரியும். டேட்டாபேஸ் மாதிரியே தேட வேண்டும் என்பவர்கள் அந்த எழுத்துக் கோப்போடு எஸ்கியூலைட் கோப்பு ஒன்றும் செய்து வைக்கலாம். அதை உருவாக்கியவர்கள் 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்வரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். கடவுச்சொல் இல்லை என்பதே ஒரு பிரச்சினையும்தான். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் அதில் இருக்குமானால் அலுமாரிக்குப் பூட்டு வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. தேவை முடிந்த நிரல்களை ஆர்க்கைவுக்குக் கொண்டுபோகாமல் விடுவதே சுலபம்.

எதில் வைப்பது? பென் ட்ரைவிலும் எஸ்எஸ்டியிலும் வைத்துக் கரண்ட் கொடுக்காமல் வருசக்கணக்கில் விடாதீர்கள். அவை மின்னூட்டத்தில் எழுதி வைப்பவை, மெதுவாகக் கசியும். சாதாரண எஸ்எஸ்டிக்கு, எழுதும் ஆயுள் முடியும் தறுவாயில், கரண்ட் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஒரு வருசம் தாங்க வேண்டும் என்பதுதான் தொழில்துறை அளவுகோல். இருபது வருசக் கணக்குக்கு அது கதையாகாது. இரண்டு வெவ்வேறு கம்பனியின் ஹார்ட் டிஸ்க் வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இந்த மூடுபனியில் சீடியில் பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை மாதக் குளிரில் கிடந்த டிஸ்க்கை எடுத்தவுடன் சொருகாமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

ஒரு கொப்பி மலைக்கு வெளியே இருக்க வேண்டும். காரியாலயத்தில் ஒன்று, பங்களாவில் ஒன்று என்றால் அது ஒரே சரிவில் இரண்டு கொப்பி. 2014 மீரியபெத்த மண்சரிவையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் கண்ட பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு மாதம் ஒரு டிஸ்க் போகலாம், அல்லது இரவில் இணையம் வழியாக அனுப்பலாம். 150 மெகாபைட் கோப்பு நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் நாலு நிமிசம். எப்போதும் கணினியில் சொருகியே கிடக்கும் டிஸ்க்கை வெளிக்கொப்பி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். ரான்சம்வேர் வந்தால் சொருகியிருப்பதையும் சேர்த்துப் பூட்டும். 2023இல் அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியபோது மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையிலான தரவு போனது. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டம்ப்பை வேறு கணினியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கடைசித் திகதி, போன மாதத்து மொத்தக் கிலோ, ஒரு ஆளின் சம்பளச் சீட்டு மூன்றையும் காகிதத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிசம் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஆர்க்கைவுக்குச் சோதனை வேறு மாதிரி. ஓய்வு பெற்ற ஒருவரின் பேரையும் ஒரு பழைய வருசத்தையும் புதிதாக வந்த கிளாக்கரிடம் கொடுத்து, யாரையும் கேட்காமல் அந்த வருசத்தில் அவருக்கு எத்தனை பேர் விழுந்தது என்று எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் எடுக்க முடியவில்லையானால் கோப்புறையில் விளக்கக் குறிப்பு குறைகிறது என்று அர்த்தம், அதை அன்றைக்கே எழுதிப் போடுங்கள்.